வீட்டுக்கடனும் ஒரு சமனிலியும்: நமது புள்ளி கோட்டின் எந்தப் பக்கம்?

ஒஸ்லோவில் நம்மவர்கள் வீடு வாங்குவதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் ஓர் எண்ணைத்தான் கேட்பார்கள். "உங்களுக்குச் சம்பளம் எவ்வளவு?" என்பார்கள். அல்லது "இப்ப எவ்வளவு கடன் இருக்கு?" என்பார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டால் வங்கி என்ன சொல்லும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆண்டுக்கு 14 இலட்சம் குரோனர் உழைக்கும் குடும்பம் திருப்பி அனுப்பப்படலாம். 6 இலட்சம் உழைக்கும் குடும்பத்துக்குக் கடன் கிடைக்கலாம். இதில் மர்மம் எதுவும் இல்லை. வங்கி இரண்டு எண்களைச் சேர்த்து ஒரு புள்ளியாகப் பார்க்கிறது. அந்தப் புள்ளி ஒரு கோட்டின் எந்தப் பக்கத்தில் விழுகிறது என்று சரிபார்க்கிறது.

ஊரில் சாதாரண தரத்தில் கணிதம் படித்தவர்களுக்கு இது பழைய பாடம். இரண்டு மாறிகள் கொண்ட ஏகபரிமாணச் சமனிலி என்று படித்தோம். நம் பிள்ளைகள் நோர்வே பாடசாலையில் இதையே 'உலீக்ஹேத்' என்ற பெயரில் படிக்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்துபோன இந்தப் பாடம்தான், வாழ்நாளின் மிகப் பெரிய கடனை எடுக்கும்போது நம் முன்னால் வந்து நிற்கிறது. அதனால் அதை ஒருமுறை அமைதியாகத் திருப்பிப் பார்ப்பது நல்லது.

சமனிலி என்ன சொல்கிறது?

சமன்பாடு இரண்டு பக்கமும் ஒன்று என்று சொல்லும். சமனிலி, ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை மிஞ்சக் கூடாது என்று சொல்லும். நோர்வேயில் வீட்டுக்கடனுக்கான முக்கிய விதிகளில் ஒன்றை ஒரே வரியில் எழுதலாம்:

கடன் ≤ 5 × வருமானம்

இங்கே வருமானம் என்பது வரி கழிக்கப்படுவதற்கு முந்திய ஆண்டு வருமானம். கடன் என்பது வீட்டுக்கடன் மட்டுமல்ல, குடும்பத்தின் மொத்தக் கடன். இந்த இரண்டும்தான் மாறிகள். குறியின் அடியில் உள்ள சிறு கோடு, சரியாக ஐந்து மடங்காக இருந்தாலும் விதி நிறைவேறும் என்பதைக் காட்டுகிறது.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும், நம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த அதே காலத்தில், நோர்வேயில் வங்கி நெருக்கடி ஒன்று நடந்துகொண்டிருந்தது. வீட்டு விலைகள் விழுந்தன. பலரிடம் வீட்டின் பெறுமதியைவிடப் பெரிய கடன் மிஞ்சியது. 1991இல் நாட்டின் பெரிய வங்கிகள் சிலவற்றை அரசே பொறுப்பேற்க வேண்டி வந்தது. பிறகு 2008இன் உலக நிதி நெருக்கடி வந்தது. இந்த அனுபவங்களுக்குப் பின்னால், 2015 யூலை 1 முதல் வீட்டுக்கடனுக்கு நிதி அமைச்சின் ஒழுங்குவிதி நடைமுறைக்கு வந்தது. ஐந்து மடங்கு என்ற எல்லை 2017 ஜனவரி 1இல் அதில் சேர்க்கப்பட்டது. எனவே வங்கியில் நம்முடன் பேசும் அலுவலர் தன் விருப்பத்துக்கு வைத்த கோடு அல்ல இது. நோர்வேஜியருக்கும் நமக்கும் கோடு ஒன்றுதான்.

நான்கு குடும்பங்கள், நான்கு புள்ளிகள்

கணக்கை இலட்சக் குரோனரில் வைத்துக்கொள்வோம். வங்கிக் கடிதத்தில் 4.5 மில்லியன் என்று இருந்தால், அது நம் கணக்கில் 45 இலட்சம். புள்ளியை (வருமானம், கடன்) என்ற ஒழுங்கில் எழுதுவோம். ஒழுங்கு மாறினால் புள்ளியும் மாறிவிடும். (10, 48) வேறு, (48, 10) வேறு.

விளக்கத்துக்காக நான்கு குடும்பங்களைக் கற்பனை செய்வோம்.

முதலாவது குடும்பம் (10, 48). வருமானம் 10, கேட்கும் மொத்தக் கடன் 48. சமனிலியில் இடுவோம்: 48 ≤ 50. உண்மை. புள்ளி எல்லைக்குள் இருக்கிறது, 2 இலட்சம் இடைவெளியும் இருக்கிறது.

இரண்டாவது குடும்பம் (10, 50). இட்டுப் பார்த்தால் 50 ≤ 50. இதுவும் உண்மை. ஆனால் புள்ளி கோட்டின் மேலேயே நிற்கிறது. இடைவெளி பூச்சியம்.

மூன்றாவது குடும்பம் (14, 72). 72 ≤ 70 என்று வருகிறது. பொய். நால்வரில் அதிகம் உழைப்பவர்கள் இவர்கள்தான், ஆனால் வெளியே நிற்பவர்களும் இவர்கள்தான்.

நான்காவது குடும்பம் (6, 22). 22 ≤ 30. உண்மை. வருமானம் குறைவு, ஆனால் இடைவெளி 8 இலட்சம். நால்வரில் மிகவும் ஆறுதலாக இருப்பவர்கள் இவர்களே.

சரிபார்ப்பது என்பது இவ்வளவுதான். இரண்டு எண்களையும் உரிய இடத்தில் இட வேண்டும். வரும் கூற்று உண்மையா பொய்யா என்று பார்க்க வேண்டும். 'கிட்டத்தட்ட உண்மை' என்று ஒரு விடை இதில் இல்லை.

கட்டக் கொப்பி ஒன்றில் வரைந்தால் இன்னும் தெளிவாகும். கிடை அச்சில் வருமானத்தையும் நிலை அச்சில் கடனையும் குறியுங்கள். (0, 0), (10, 50) ஆகிய இரு புள்ளிகளை இணைத்து நேர்கோடு இழுங்கள். அந்தக் கோடு தாளை இரண்டாகப் பிரிக்கும். எந்தப் பக்கம் நமக்குரியது என்பதை அறிய ஒரு பக்கத்தில் ஏதாவது ஒரு புள்ளியை எடுத்துச் சோதித்தால் போதும். அந்தப் பக்கத்தில் உள்ள எல்லாப் புள்ளிகளுக்கும் அதே விடைதான். '5 × வருமானம் − கடன்' என்ற அளவு பூச்சியத்தைக் கடக்காமல் நேரிலிருந்து மறைக்கு மாற முடியாது. அது பூச்சியமாகும் இடமோ கோடு மட்டும்தான்.

பாடசாலையில் இந்தச் சோதனைக்கு (0, 0) என்ற புள்ளியை எடுக்கச் சொல்லித் தந்திருப்பார்கள். பெருக்கல் எதுவும் இல்லாததால் அது சுகமான புள்ளி. ஆனால் நமது கோடு அந்தப் புள்ளியூடாகவே போகிறது. கோட்டில் நிற்கும் புள்ளியை வைத்துப் பக்கத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் (8, 0) போன்ற ஒன்றை எடுக்க வேண்டும். 8 இலட்சம் வருமானம், கடனே இல்லை: 0 ≤ 40, உண்மை. ஆகவே கோட்டுக்குக் கீழ்ப்பக்கம்தான் அனுமதிக்கப்பட்ட பிரதேசம்.

ஏற்கெனவே உள்ள கடன் கோட்டையே நகர்த்தும்

வீட்டுக்கடனை மட்டும் இட்டுப் பார்த்து "உள்ளே நிற்கிறோம்" என்று முடிவுகட்டுவது நம்மிடையே வழக்கமாக இருக்கிறது. விதி மொத்தக் கடனைக் கேட்கிறது. 'லோனெகாசென்' இல் எடுத்த கல்விக்கடன் அதில் சேரும். வாகனக் கடன் சேரும். கடனட்டைக்கு வங்கி அனுமதித்திருக்கும் எல்லைத் தொகை, நாம் ஒரு குரோனர்கூடப் பாவிக்காவிட்டாலும், முழுவதுமாகச் சேரும். 'பொரெத்ஸ்லாக்' எனப்படும் கூட்டுறவுக் குடியிருப்பில் வீடு வாங்கினால், கட்டடத்தின் பொதுக்கடனில் நமது பங்கும் சேரும். விளம்பரத்தில் விலை குறைவாகத் தெரியும் வீடுகளில் இந்தப் பங்கு பெரிதாக இருப்பதுண்டு. விலையைப் பார்ப்பதற்கு முன் அதைப் பார்க்க வேண்டும்.

ஒரு குடும்பத்துக்குக் கல்விக்கடன் 3, வாகனக் கடன் 2, கடனட்டை எல்லை 1 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6. இப்போது சமனிலி இப்படி மாறுகிறது:

வீட்டுக்கடன் + 6 ≤ 5 × வருமானம்

கோட்டின் சரிவு மாறவில்லை. கோடு முழுவதும் 6 இலட்சம் கீழே இறங்கிவிட்டது. முதலாவது குடும்பத்தின் (10, 48) என்ற புள்ளியை இதில் இட்டால் 54 ≤ 50, பொய். அதே சம்பளம், அதே வீடு, ஆனால் விடை மாறிவிட்டது. இந்தக் கோடு (0, 0) ஊடாகப் போகாததால், அந்தச் சுகமான புள்ளியையும் இப்போது சோதனைக்கு எடுக்கலாம்: 6 ≤ 0, பொய். வருமானமே இல்லாமல் பழைய கடனை மட்டும் வைத்திருப்பவர் அனுமதிக்கப்பட்ட பிரதேசத்தில் இல்லை என்று கணக்கு சரியாகவே சொல்கிறது.

இதிலிருந்து கையில் வைத்திருக்கத்தக்க ஒரு அளவு கிடைக்கிறது. 1 இலட்சம் கடனை நீக்குவதும் ஆண்டு வருமானத்தை 20,000 குரோனர் கூட்டுவதும் இந்தச் சமனிலிக்கு ஒன்றே. சம்பளத்தை 20,000 கூட்டுவதற்கு எத்தனை மேலதிக வேலைநேரம் வேண்டும் என்று நமக்குத் தெரியும். பாவிக்காத கடனட்டையை மூட ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

இருவர் உழைக்கும் வீடு

வேறு கடன் இல்லாத ஒரு தம்பதிக்கு 45 இலட்சம் கடன் தேவை என்று வைப்போம். அப்போது இருவரின் வருமானமும் மாறிகளாகின்றன:

கணவர் வருமானம் + மனைவி வருமானம் ≥ 9

(5, 4) என்ற புள்ளி 9 ≥ 9, உண்மை, கோட்டில் நிற்கிறது. (6, 2.5) என்றால் 8.5 ≥ 9, பொய். (3, 6.5) என்றால் 9.5 ≥ 9, உண்மை.

இந்தச் சமனிலியில் கணவரின் குரோனருக்கும் மனைவியின் குரோனருக்கும் ஒரே எடை. முதியோர் இல்லங்களிலும் மழலையர் பள்ளிகளிலும் பாதிப் பதவியிலும் அறுபது வீதப் பதவியிலும் வேலைசெய்யும் தமிழ்ப் பெண்கள் ஏராளம். "அவவின்ர சம்பளம் சின்னச் செலவுக்கு" என்று சொல்லும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கணக்கு அதை ஏற்றுக்கொள்ளாது. (6, 2.5) இல் நிற்கும் குடும்பத்தை உள்ளே கொண்டுவருவதற்குத் தேவையான அரை இலட்சம், கணவர் வார இறுதியில் இரண்டாவது வேலைக்குப் போவதால் வர வேண்டும் என்பதில்லை. மனைவியின் பதவி வீதம் உயர்வதாலும் வரலாம். வங்கியும் நிரந்தரப் பதவியின் வருமானத்தையே அதிகம் நம்பும்.

பிள்ளையின் பெயரைச் சேர்க்கும்போது

பெற்றோரின் வருமானம் 7. வீட்டுக்குத் தேவையான கடன் 50. 50 ≤ 35, பொய். வேலைக்குப் போகத் தொடங்கிய மகனின் 5 இலட்சத்தைச் சேர்த்தால் வருமானம் 12. 50 ≤ 60, உண்மை. குடும்பம் மகிழ்கிறது, மகனும் மறுப்பதில்லை. நம் பிள்ளைகள் இப்படிப்பட்ட நேரத்தில் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் சமனிலியை இரண்டாவது முறையும் எழுதிப் பார்க்க வேண்டும். இணைக் கடனாளியாகக் கையெழுத்திடுபவர் பாதிக்கு அல்ல, முழுத் தொகைக்கும் பொறுப்பு. சில ஆண்டுகள் கழித்து மகன் திருமணம் செய்கிறார். அவருக்கு 6, மனைவிக்கு 5, சேர்ந்து 11. அவர்களுக்கு 45 இலட்சம் கடன் வேண்டும். தனியாகப் பார்த்தால் 45 ≤ 55, உண்மை. ஆனால் பெற்றோர் வீட்டின் கடனில் இன்னும் 46 மிச்சமிருக்கிறது, அதிலும் அவர் பெயர் இருக்கிறது. வங்கி அதை முழுவதுமாக எடுத்தால் 91 ≤ 55, பொய்.

பெற்றோருக்குப் பிள்ளை உதவக் கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. ஒரு கையெழுத்து இரண்டு குடும்பங்களின் புள்ளிகளை நகர்த்துகிறது என்பதை, கையெழுத்துக்கு முன்னால் மேசையில் வைத்துப் பேச வேண்டும். எத்தனை ஆண்டுகளில் மகனின் பெயர் அந்தக் கடனிலிருந்து எடுக்கப்படும், அப்போது பெற்றோரின் புள்ளி தனியாக உள்ளே நிற்குமா என்ற கேள்விக்கு அன்றே விடை வேண்டும்.

கைமுதலும் விலையும்

இதுவரை பார்த்தது ஒரு விதி. இரண்டாவது விதி வேறு இரண்டு மாறிகளைப் பற்றியது. வீட்டின் பெறுமதியில் ஒரு பங்கை வாங்குபவர் தன் பணத்தில் போட வேண்டும். இந்தக் கைமுதலை 'எகென்கபிதால்' என்கிறார்கள். 2015 முதல் அது 15 சதவீதமாக இருந்தது. 2024 டிசெம்பர் 31 முதல் 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. எனவே:

கைமுதல் ≥ 0.10 × விலை

முழுச் சொத்துரிமை வீடு என்றால் இன்னொன்றும் உண்டு. உறுதி மாற்றும்போது விலையின் 2.5 சதவீதத்தை அரசுக்கு வரியாகக் கட்ட வேண்டும். அதையும் நம் பணத்தில் கட்டுவதாக வைத்தால், கைமுதல் ≥ 0.125 × விலை. கூட்டுறவுக் குடியிருப்பில் இந்த வரி இல்லை.

(விலை, கைமுதல்) என்ற ஒழுங்கில் (50, 5.5) என்ற புள்ளியை எடுப்போம். கூட்டுறவு வீட்டுக்கு 5.5 ≥ 5, உண்மை. முழுச் சொத்துரிமை வீட்டுக்கு 5.5 ≥ 6.25, பொய். ஒரே விலை, ஒரே சேமிப்பு, ஆனால் இரண்டு கோடுகள், இரண்டு விடைகள்.

இந்தச் சரிபார்ப்பை எப்போது செய்ய வேண்டும் என்பதும் முக்கியம். நோர்வேயில் வீட்டுக்கு நாம் கொடுக்கும் கேள்வி விலை சட்டப்படி நம்மைக் கட்டும். விற்பவர் ஏற்றுக்கொண்டால் "வேண்டாம்" என்று பின்வாங்க முடியாது. விலை கேட்கும் போட்டி சில வேளை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். கையில் 6.25 இலட்சம் வைத்திருப்பவர் முழுச் சொத்துரிமை வீடொன்றுக்கு 50 இல் நின்றால் கோட்டில் நிற்கிறார். போட்டிச் சூட்டில் 51 என்று ஏற்றினால் தேவை 6.375. புள்ளி வெளியே போய்விட்டது, கையெழுத்தோ உள்ளே போய்விட்டது. ஆகவே போட்டி தொடங்குவதற்கு முன்பே தன் கோட்டில் நிற்கும் மிக உயர்ந்த விலையைத் தாளில் எழுதி வைத்திருப்பவர்தான் இரவில் நித்திரை கொள்வார்.

இரண்டு விதிகளும் ஒன்றாக நிறைவேற வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. பெற்றோர் தமது வீட்டை மேலதிகப் பிணையாகக் கொடுத்தால் கைமுதல் சமனிலிக்கு அது உதவும். ஐந்து மடங்குச் சமனிலியில் அது ஒரு குரோனரையும் மாற்றாது. ஒரு கதவின் திறப்பு மற்றக் கதவைத் திறப்பதில்லை.

மூன்றாவது கோடும் ஊருக்கு அனுப்பும் பணமும்

மூன்றாவது விதி, வட்டி ஏறினாலும் குடும்பம் தாங்குமா என்று கேட்கிறது. 2023இன் தொடக்கத்திலிருந்து, இப்போதைய வட்டிக்கு மேல் 3 சதவீதப் புள்ளிகள் கூட்டி, எப்படியும் 7 சதவீதத்துக்குக் குறையாமல் வைத்து, வங்கி கணக்குப் பார்க்க வேண்டும். வடிவத்தைக் காட்டுவதற்காக எளிய எண்களை எடுப்போம். அந்த உயர்ந்த வட்டியில், வட்டியும் முதலும் சேர்த்து, வரிக்கழிவு போக, கடனில் ஆண்டுக்கு 7.5 சதவீதம் போகிறது. குடும்பத்தின் வாழ்க்கைச் செலவு ஆண்டுக்கு 4.2 இலட்சம். அப்போது:

கைக்கு வரும் சம்பளம் − 4.2 ≥ 0.075 × கடன்

முன்னர் பார்த்த (5, 4) தம்பதிக்கு வரி போக 7.1 இலட்சம் கைக்கு வருவதாக வைப்போம். கடன் 45. இடப் பக்கம் 2.9, வலப் பக்கம் 3.375. பொய். ஐந்து மடங்குக் கோட்டில் சரியாக நின்ற அதே குடும்பம் இங்கே வெளியே நிற்கிறது. அவர்களுக்கு இந்தக் கோடு அனுமதிப்பது ஏறத்தாழ 38.6 இலட்சம்தான். "ஐந்து மடங்கு தருவாங்கள்" என்று ஊர் சொல்வதை நம்பி வீடு பார்க்கப் போனவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இது வெறும் பயமுறுத்தல் கணக்கு அல்ல. 2022இன் இறுதிவரை வங்கிகள் 5 சதவீதப் புள்ளிகள் கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. "அப்படி ஏறவா போகுது?" என்று அன்று பலர் சிரித்தார்கள். நோர்வே மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2021 செப்டெம்பர் வரை பூச்சியமாக இருந்தது, 2023 டிசெம்பரில் 4.5 சதவீதத்துக்கு வந்து நின்றது. முதல் குறைப்பு 2025 யூனில்தான் வந்தது. கற்பனைக்கு வரைந்த கோட்டுக்கு மிக அருகில் உண்மை வந்து போனது. கோட்டிலிருந்து இடைவெளி வைத்திருந்தவர்கள் செலவைக் குறைத்துச் சமாளித்தார்கள். இடைவெளி இல்லாதவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் எப்படி இருந்தன என்பதை அவர்களே அறிவார்கள்.

இந்த மூன்றாவது கோட்டில்தான் நம் குடும்பங்களுக்கே உரிய ஓர் எண் ஒளிந்திருக்கிறது. வாழ்க்கைச் செலவுக்கு வங்கிகள் 'சிஃபோ' எனப்படும் பொதுச் செலவுப் பட்டியலை அடிப்படையாக எடுக்கின்றன. உணவு, உடுப்பு, பிள்ளைகளின் விளையாட்டுச் செலவு எல்லாம் அதில் உண்டு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவின் மருந்துக்கும் வன்னியில் இருக்கும் தங்கையின் பிள்ளைகளின் படிப்புக்கும் அதில் வரி கிடையாது. மாதம் 5,000 குரோனர் அனுப்புகிறோம் என்றால் ஆண்டுக்கு 0.6 இலட்சம். செலவு 4.2 இலிருந்து 4.8 ஆகிறது. தாங்கக்கூடிய கடன் 38.6 இலிருந்து ஏறத்தாழ 30.6 ஆகக் குறைகிறது. மாதம் 5,000 என்ற எண், 8 இலட்சம் கடனுக்குச் சமமாகிறது.

அனுப்புவதை நிறுத்துங்கள் என்பதல்ல இதன் பொருள். நம்மில் பெரும்பாலானோர் அதை நிறுத்தப் போவதும் இல்லை. அப்படியானால் அது தற்செயல் செலவு அல்ல, வாடகை போன்ற நிலையான செலவு. கணக்கில் அதற்கு இடம் வேண்டும். அதை எழுதாமல் வீடு வாங்கினால், வட்டி ஏறும் மாதத்தில் அம்மாவின் மருந்தா வங்கியின் தவணையா என்ற கேள்வி வந்து நிற்கும்.

கைமாற்றும் சீட்டும் இதே வகைதான். நிதி நிறுவனங்களின் பிணையற்ற கடன்கள் 2019 முதல் கடன் பதிவேட்டில் தெரிகின்றன. மச்சானிடம் வாங்கிய கைமாற்றும், எடுத்துவிட்டு இன்னும் கட்டிக்கொண்டிருக்கும் சீட்டும் அங்கே தெரியாது. கைமுதல் போதவில்லை என்று 3 இலட்சம் கைமாற்று வாங்கி அதைச் சேமிப்பு என்று காட்டினால், வங்கி பார்க்கும் புள்ளி ஒன்று, நாம் வாழும் புள்ளி வேறொன்று. எல்லாக் கடனையும் உண்மையாக அறிவிக்க வேண்டும் என்று விண்ணப்பமே கேட்கிறது. அதைவிடப் பெரிய விடயம், சமனிலி நிறைவேறியது வேறு யாரோ ஒரு குடும்பத்துக்கு, தவணை கட்டப் போவதோ நாம். பொய்யான எண்ணை இட்டால் வரும் 'உண்மை' யாருக்கும் பயன்படாது.

மற்ற நாடுகளில்

டப்ளினில் இருக்கும் உறவினருக்குக் கோடு வேறு. அயர்லாந்தில் முதல் வீடு வாங்குவோருக்கு 2023 முதல் வருமானத்தின் 4 மடங்கு எல்லை. பிரித்தானியாவில் தனிக் குடும்பத்துக்கென்று கோடு இழுக்காமல், 4.5 மடங்கும் அதற்கு மேலும் போகும் கடன்கள் மொத்தப் புதிய கடன்களில் ஒரு குறிப்பிட்ட பங்கைத் தாண்டக் கூடாது என்று 2014இல் வங்கிகளுக்கு எல்லை வைத்தார்கள். எண் மாறும், சரிவு மாறும், சரிபார்க்கும் முறை மாறாது. ஆகவே இலண்டனில் ஒருவருக்குக் கிடைத்ததை வைத்து ஒஸ்லோவில் கணக்குப் போட வேண்டாம்.

நோர்வேயிலும் கோடு முற்றிலும் இரும்பால் ஆனதல்ல. ஒவ்வொரு காலாண்டிலும் வங்கிகள் தமது வீட்டுக்கடன்களில் 10 சதவீதம்வரை, ஒஸ்லோவில் 8 சதவீதம்வரை, விதிக்கு வெளியே கொடுக்கலாம். இது வங்கிக்குத் தரப்பட்ட நெகிழ்வு, நமக்குத் தரப்பட்ட உரிமை அல்ல. கேட்டுப் பார்க்கலாம், நம்பி விலை கேட்கக் கூடாது.

பொய் என்று விடை வந்தால்

சமனிலி பொய் என்று சொல்வது குடும்பத்தைப் பற்றிய தீர்ப்பு அல்ல. இந்தப் புள்ளி, இந்தக் கோட்டுக்கு, இன்று பொருந்தவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். குரோருத் பள்ளத்தாக்கில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு "எங்களுக்கு வங்கி தராது" என்று பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒருமுறை கேட்ட பதிலோடு நின்றுவிட்டவர்கள் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்களின் சம்பளம் மாறியிருக்கும், கல்விக்கடன் குறைந்திருக்கும், கைமுதல் விதியும் 15 இலிருந்து 10க்கு வந்துவிட்டது. புள்ளியும் நகர்ந்தது, கோடும் நகர்ந்தது. பழைய விடையை மட்டும் அவர்கள் நகர்த்தவில்லை.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஒரு தாளில் ஐந்து எண்களை எழுதுங்கள்: வரிக்கு முந்திய ஆண்டு வருமானம், கடனட்டை எல்லையும் கைமாற்றும் உட்பட மொத்தக் கடன், உண்மையான சேமிப்பு, கைக்கு வரும் சம்பளம், ஊருக்கு அனுப்புவதையும் சேர்த்த ஆண்டுச் செலவு. பிறகு மூன்று சமனிலிகளிலும் இட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் உண்மையா பொய்யா என்பதோடு, கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளையைக் கூப்பிட்டு வரைபை வரையச் சொல்லலாம். அவர்களுக்கு இது தெரிந்த பாடம். வீட்டின் கணக்கை அவர்கள் முதன்முதலாகப் பார்க்கும் நாளாகவும் அது அமையலாம்.